வழிச்செல்வோர்க்கு மொழித்துணை



தூரதேசம் செல்பவனுக்கு வழித்துணை யாது என்று வினவினால், பணம் என்பார் சிலர். கட்டுச்சோறு என்பார் சிலர். கடவுச்சீட்டு என்பார் இக்காலத்தவர். இவை யாவும் கைவசம் இருந்தும், சென்ற இடத்து மொழியில் நாலு வார்த்தை அறியாதவன் நடுத்தெருவில் ஊமையாய் நிற்பான். துருக்கி முதலிய நாடுகளுக்குப் புறப்படுமுன் அந்நாட்டுப் பேச்சை ஓரளவு கற்றுக்கொள்ள இன்று நம் இளைஞர் சிலர் முயல்கின்றனர். நல்ல முயற்சி. ஆயினும் இது புதிய முயற்சியன்று. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடற்கரையே இதற்கொரு வரலாற்றுச் சான்றை வைத்திருக்கின்றது.

மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடம் கொட்டியாரக் குடா. அதன் தென்கரையில் மூதூர் இருக்கின்றது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. அதைச் செப்பனிடவும், வாய்த்தால் வாணிகம் செய்யவும் அக்கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவரும், அவர் மைந்தர் றொபேட் நொக்ஸ் என்பாரும், மாலுமிகளுமாகப் பதினாறு பேர் 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மைந்தருக்கு அப்போது வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டே தந்தையார் காய்ச்சலால் மாண்டார். மைந்தர் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் இருந்தார். அவர் பிடிபட்ட நிகழ்ச்சியை நினைவூட்டும் கல்லொன்று 1893இல் மூதூரில் நாட்டப்பெற்றது.

சிறைப்பட்ட நொக்ஸ் விலங்கிடப்பட்டுக் கிடக்கவில்லை. ஊரவர் நடுவே குடியமர்த்தப்பட்டார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். பின்னர்ச் சில்லறைச் சரக்குகளைச் சுமந்து ஊரூராகத் திரிந்தார். இத்தொழில்கள் அனைத்துக்கும் முதல், அவர் கற்றுக்கொண்ட சிங்கள மொழியே. ஏட்டிலே பார்த்துக் கற்ற மொழியன்று அது. விலை பேசியும், வழி கேட்டும், அயலாரோடு அளவளாவியும் பெற்ற மொழி. அவர் தாயகம் மீண்டு 1681இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில், மொழியைப் பற்றியும் எழுதியுள்ளார். முன்னிலையில் ஒருவரை விளிப்பதற்குச் சிங்களத்தில் ஏழெட்டுச் சொற்கள் உண்டு என்றும், ஆளின் தகுதி நோக்கி அவை வழங்கும் என்றும் குறித்துள்ளார். நாட்டுப்புறத்து உழவனின் பேச்சுக்கும் அரசவையோரின் பேச்சுக்கும் நயத்தில் வேறுபாடு இல்லை என்றும் வியந்துள்ளார். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் படிகளை அறிந்த தமிழர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். அந்நியன் ஒருவன் பொருட்பெயரைத் தவறாகச் சொன்னால் கேட்போர் சிரிப்பர். விளிச்சொல்லைத் தவறாகச் சொன்னால் சினப்பர். முதலிற் கற்க வேண்டியது எது என்பது இதனால் தெளிவாகும்.

இனி, மொழி அறியாமையால் நேரும் இடரைப் பார்ப்போம். 1679இல் நொக்ஸ், தோழர் ஒருவரோடு, வியாபாரி போலவே வடக்கு நோக்கித் தப்பிப் புறப்பட்டார். சிங்களம் வழங்கிய ஊர்களை அம்மொழியின் துணையாற் கடந்தார். அநுராதபுரத்தை அடைந்தபோது அத்துணை அறுந்தது. அங்கிருந்தோர் தமிழர், கண்டி அரசனின் குடிகளே ஆயினும் சிங்களம் அறியார். இவர்கள் பேசியது அவர்களுக்கு விளங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்து நின்றனர். ஒரு சொல் பிசகினால் ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்தால் உயிர் போகும். நல்வினைவசத்தால் சிங்களம் அறிந்த ஒருவர் வந்து சேர்ந்தார். அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வாயிலாக விசாரித்தார். மான் வற்றல் வாங்க வந்தோம் என்று இவர்கள் விடையிறுத்தனர். அதிகாரி நம்பினார். பின்னர் மல்வத்து ஓயாவின் கரைவழியே நடந்து, அக்டோபர் மாதத்தில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். தமிழ் வழங்கிய கொட்டியாரப் பற்றிலே பிடிபட்டவர், பத்தொன்பது ஆண்டு கழித்துத் தமிழ் அறியாமையாற் கலங்கி நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இத்தகைய இடரை முன்னரே உணர்ந்து ஆயத்தம் செய்தோரும் உளர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த காலிக் கல்வெட்டு அதற்குச் சான்று. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியையும் போற்றுகின்றன. கல் சீனாவிலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலில் வந்தது என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. அவரவர்க்கு அவரவர் மொழியில் வணக்கம் சொல்வதற்குப் புறப்படுமுன்னரே ஆயத்தம் செய்திருக்கின்றனர். ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயு யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றித் திரும்பி 1672இல் வெளியிட்ட நூலிலும், தமிழ் எழுத்தும் இலக்கணச் சுருக்கமும் இடம் பெற்றன. பின் வருவோர்க்கு அஃதொரு கைவிளக்கு.

துருக்கி நாட்டுக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. துருக்கியக் கடற்படைத் தலைவர் சைதி அலி 1554இல் புயலால் அடிபட்டுக் குசராத்துக் கரையில் ஒதுங்கினார். கப்பல்களை இழந்தவர் தரைவழியே நாடு திரும்பப் புறப்பட்டு, தில்லியில் ஹுமாயூன் அவையை அடைந்தார். ஹுமாயூனின் முன்னோர் மொழியாகிய சகத்தாய்த் துருக்கியில் அவர் கவி பாடியது மன்னனின் மதிப்பைத் தேடித்தந்தது. 1557இல் நாடு சேர்ந்து தம் பயணத்தை நூலாக்கினார். நொக்சுக்குச் சந்தைப் பேச்சு உதவியது. இவருக்குக் கவி உதவியது. இருவருக்கும் படையும் பொருளும் கைவிட்ட இடத்தில் மொழியே கைகொடுத்தது.

துருக்கி மொழியைக் கற்பது தமிழருக்கு அத்துணைக் கடினமன்று. இரு மொழிகட்கும் உறவு நிறுவப்படவில்லை. ஆயினும் நடையிலே ஒற்றுமை உண்டு. இரண்டிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டும். ‘எவ்’ என்றால் வீடு. ‘எவ்லெர்’ என்றால் வீடுகள். ‘எவ்லெர்தென்’ என்றால் வீடுகளிலிருந்து. ‘கெல்தி’ என்றால் வந்தார். ‘கெல்தி மி’ என்றால் வந்தாரா. நம் மொழியின் வினா ஆகாரம் போன்றே அங்கு ‘மி’ இறுதியில் நிற்கின்றது. நீ என்பதற்குச் ‘சென்’, நீங்கள் என்பதற்குச் ‘சிஸ்’. அயலாரையும் ‘ஆபி’ என்று அண்ணன் முறையும், ‘அப்லா’ என்று அக்கா முறையும் வைத்து அழைப்பர். வேலை செய்பவரைக் கண்டால் ‘கொலாய் கெல்சின்’, அதாவது வேலை எளிதாகுக என்று வாழ்த்துவர். தோழர்க்குள்ளே வழங்கும் ‘லான்’ என்னும் கொச்சை விளி, நம் ‘அடேய்’ போன்றது. பழகாத ஒருவரிடம் அதைச் சொன்னால் வம்பு வரும். கொச்சைச் சொற்களை, கேட்டால் விளங்கிக்கொள்ளும் அளவுக்குக் கற்கலாம். எடுத்து ஆளுதற்கு நட்பு முதிர வேண்டும்.

துருக்கிச் சொற்கள் சில நம் வீட்டிலேயே இருக்கின்றன. நாம் துவக்கு என்றும், தமிழகத்தார் துப்பாக்கி என்றும் சொல்லும் சொல், துருக்கியரின் ‘துஃபெக்’ என்பதோடு தொடர்புடையது. குருமாவும் கைமாவும் அவ்வாறே ‘கவுர்மா’, ‘கிய்மா’ என்பவற்றிலிருந்து வந்தவை. போர்க்களத்துச் சொல்லும் அடுக்களைச் சொல்லும் கடவுச்சீட்டின்றிக் கடல் கடந்துவிட்டன.

முடிவாக ஒன்று. திருகோணமலை மாவட்டம் தமிழர், முசுலிம்கள், சிங்களவர் ஆகிய மூவகுப்பினரும் வாழும் நிலம். இங்கு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதே சிலவேளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போவதாகும். இசுதான்புல் நகரில் வழி கேட்கக் கற்கும் மாணவன், அடுத்த ஊர்க் கடைக்காரரிடம் அவர் மொழியில் நலம் விசாரிக்கவும் கற்றிருத்தல் வேண்டும். அநுராதபுரத்திலே மொழியறிந்த ஒரே ஒருவர் வந்து நின்றதால் இரண்டு உயிர்கள் பிழைத்தன. அத்தகைய ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் நாட்டுக்கு நன்று. அந்த ஒருவராக நாமே இருத்தல் அதனினும் நன்று.