கோலார்ப் பொன்னும் மறைந்த மலையும்

தென்னிந்தியாவின் கோலார்த் தங்கவயலுக்குச் செல்வோர் அங்குச் சிறு குன்றுகளையன்றி உயர்ந்த மலைத்தொடர் எதனையும் காண்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் அமைந்த வறண்ட மேட்டுநிலமும், அதன்மீது மனிதர் குவித்த சுரங்கக் கழிவு மேடுகளுமே கண்ணுக்குப் புலனாகும். எனினும், அந்நிலத்தின் அடியிலிருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 800 தொன் அளவிலான பொன், ஒரு மலையாக்கத்தின் விளைபொருளேயாகும். அம்மலை தேய்ந்து மறைந்து யுகங்கள் பல கடந்துவிட்டன. எஞ்சியிருப்பது அதன் வேர் மட்டுமே. கோலாரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆங்கிலக் கம்பனிகளிலிருந்தே தொடங்குவர். ஆனால், அக்கம்பனிகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும், அங்கு உழைத்தோரின் வாழ்வையும் சாவையும் பெரிதும் நிர்ணயித்தது அந்த வேரின் அமைப்பே என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொன் நிலத்தினுள் எவ்வாறு தோன்றுகிறது என்ற வினா மிகப் பழையது. ஞாயிற்றின் ஆற்றலால் மண்ணினுள் உலோகங்கள் முதிர்ந்து பொன்னாகின்றன என இடைக்கால ஐரோப்பியர் பலர் நம்பினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் வேர்னர், ஆதிக் கடல்நீர் மேலிருந்து பிளவுகளுட் புகுந்து தாதுக்களைப் படியச் செய்தது என்றார். ஸ்கொத்லாந்தின் ஹட்டன், அவை கீழிருந்து உருகிய நிலையில் எழுந்தவை என்றார். 1913இல் லிண்ட்கிரென் வெளியிட்ட நூல், ஆழத்திலிருந்து எழும் வெந்நீர்க் கரைசல்களுக்கு உரிய இடத்தை உறுதிப்படுத்தியது. அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை, புவியோட்டுத் தகடுகளின் அசைவு உணரப்பட்ட பின்னரே தெளிவு பெறலாயிற்று.

கோலாரின் கருநிறப் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வெளிப்பட்டவை. வடக்குத் தெற்காக 80 கிலோமீற்றர் நீளமும் சில கிலோமீற்றர் அகலமுமே கொண்ட அவ்வொடுங்கிய பட்டியின் இருபுறத்துப் பாறைகளும் வெவ்வேறு பிறப்புடையன. இரு நிலத்திணிவுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி ஒட்டிக்கொண்ட தழும்பே இப்பட்டி என்று குரொக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், ஹான்சன், இராஜமணி முதலிய ஆய்வாளர் 1989இல் எடுத்துக்காட்டினர்.

இத்தகைய எரிமலைப் பாறையில் நூறு கோடிப் பங்குக்குச் சில பங்குப் பொன்னே உண்டு. அகழ்தற்குரிய தாதுவாவதற்கு அது ஆயிரம் மடங்குக்கு மேற் செறிவுற வேண்டும். நிலங்கள் மோதும்போது பாறைகள் அமிழ்ந்து, மடிந்து, சூடேறுகின்றன. ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், கனிமங்களின் அமைப்பினுட் பிணைந்திருந்த நீரும் காபனீரொட்சைட்டும் கந்தகமும் விடுபடுகின்றன. அக்கந்தகத்துடன் சேர்ந்து பொன்னும் கரைகிறது. பாறையைப் பிழிந்தெடுத்த இந்நீர் பெரும்பிளவுகளின் அடியில் தேங்குகிறது. அமுக்கம் எல்லை மீறும்போது நிலம் அதிர்ந்து பிளவு திறக்கிறது. நீர் மேலே பாய்கிறது. அமுக்கம் திடீரெனத் தாழ்வதால் வெண்மையான குவாட்சும் பொன்னும் படிய, பிளவு மீண்டும் அடைபடுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய ஏடே ஒரு பொன்னிழை எனலாம். அதிர்வின்போது குவாட்சிற் பிறக்கும் மின்னழுத்தமும் பொன்னை ஈர்க்கக்கூடும் என 2024இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் பரிசோதனைவழிக் காட்டினர். இவ்வகைப் படிவுகளுக்கு மலையாக்கப் பொன் என்ற பெயர் 1998இலிருந்து நிலைபெற்றது.

இப்பொன்னிழைகளின் சிறப்பியல்பு ஆழமாகும். நிலமேற்பரப்பை அண்டித் தோன்றும் படிவுகள் சில நூறு மீற்றரில் முடிந்துவிட, இவையோ கிலோமீற்றர்க் கணக்கில் இறங்கிச் செல்வன. இதனை அறியாமையே கோலாரின் தொடக்ககாலத் தோல்விகளுக்குக் காரணமாயிற்று. நெருப்பு மூட்டிப் பாறையைப் பிளந்த பண்டைய அகழ்வாளர் பல பத்து மீற்றர் ஆழம் சென்றிருந்தனர். 1802இல் மைசூர் எல்லையை அளந்த வாறன் என்ற படை அதிகாரி, மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழிகளிலிருந்து கல்லெடுப்பதையும் பெண்கள் அதனை இடித்துக் கழுவுவதையும் கண்டு எழுதினார். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய லவெல் 1875இல் அகழ்வுரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளிற் பல கம்பனிகள் மேற்பரப்பைக் கிளறி முதலை இழந்தன. 1880களின் நடுப்பகுதியில், கையிருப்புத் தீரும் நிலையில், மைசூர்க் கம்பனியின் பொறுப்பாளர் பழைய குழிகளுக்கும் கீழே இறங்கியபோதே சம்பியன் எனப் பெயர்பெற்ற பொன்னிழை அகப்பட்டது. பெயரறியாப் பழங்கால உழைப்பாளி விட்ட இடத்திலேயே இலண்டன் பங்குதாரரின் செல்வம் தொடங்கிற்று என்பது வரலாற்றின் ஒரு நகை.

அதன்பின் ஆழமே அனைத்தையும் ஆண்டது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சம்பியன் சுரங்கம் ஈற்றில் 3.2 கிலோமீற்றர் ஆழத்தை எட்டியது. அங்குப் பாறையின் வெப்பநிலை 60 பாகையைக் கடந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர், அவ்வெம்மையில் உழைத்தனர். மேலிருந்து அழுத்தும் பாறையின் சுமையும், நிலத்தினுள் நிலவும் கிடைநெருக்கமும் அகழ்ந்த வெற்றிடத்தைச் சுற்றிக் குவிந்தன. வன்மையும் நொறுங்குமியல்பும் ஒருங்கே கொண்ட பாறை வெடித்துச் சிதறியது. இவ்வெடிப்புகளைத் தொடக்கத்தில் காற்று வெடிப்பு என வழங்கினர். காற்றைப் பழித்த அப்பெயர் பொருந்தாதது, வெடித்தது பாறையே. கருங்கற் சுவர்களால் வெற்றிடங்களை நிரப்பியும் சாவுகள் முற்றாக நிற்கவில்லை. பொன்னைப் படியவைத்த அதே பிளவுகளும் மடிப்புகளும் அதனை எடுக்கச் சென்றோரைக் கொன்றதையும் பொன்னின் கணக்கோடு சேர்த்தே எழுதவேண்டும். உற்பத்தி அட்டவணைகளையே வரலாறாகக் கொள்வோர் இதனைக் காண்பதில்லை.

ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. தாதுவின் செறிவோ தொன்னுக்குப் பல பத்துக் கிராமிலிருந்து சில கிராமாகச் சரிந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் இந்திய மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பெப்ரவரி 28இல் அவை மூடப்பட்டன. இறைப்பு யந்திரங்கள் நின்றபின், 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஏறிவந்த அதே பிளவுகளையொட்டிய குழிகளில் நிலத்தடி நீர் சிறிது சிறிதாக ஊறி நிறையலாயிற்று.