நொன்ட்சிகெலெலோ: ஒரு பெயரும் ஒரு பள்ளிப் பதிவேடும்



தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மக்களிடையே வழங்கும் பெண்பாற் பெயர் ஒன்றைப் பற்றி எழுத விழைகின்றேன். நொன்ட்சிகெலெலோ என்பது அப்பெயர். முதலில் நா சற்று இடறும். நான்கைந்து முறை வாய்விட்டுச் சொன்னால் பழகிவிடும்.

கோசாவும் சூலுவும் உடன்பிறந்த மொழிகள். தமிழில் பெண்பால் விகுதி சொல்லின் இறுதியில் வரும். அங்கோ 'நோ' என்னும் முன்னொட்டுப் பெயரின் தலையில் நிற்கும். 'தாய்' என்னும் பொருள் அதில் உறைந்துள்ளதாகக் கொள்வர். மழையைக் குறிக்கும் 'இம்வூலா'வோடு அது சேர்ந்தால் நொம்வூலா. மழைக்காலத்தில் பிறந்த பெண்மகவுக்கு இடும் பெயர். முயற்சியைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் நொம்சாமோ. வின்னி மண்டேலாவின் கோசாப் பெயர் இதுவே. 'இன்ட்சிகெலெலோ' என்றால் ஆசி. ஆகவே நொன்ட்சிகெலெலோ 'ஆசிகளின் தாய்' ஆகிறாள்.

இப்பெயரின் வினையடி 'சிகெலெலா'. ஆப்பிரிக்காவுக்கு இறைவனின் ஆசி வேண்டி 1897இல் ஈனோக் சொன்டோங்கா இயற்றிய பாடலின் தலைப்பிலும் இதே வினைதான் உள்ளது. அப்பாடல் இன்று தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணின் முதற்பகுதி. சொன்டோங்கா ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆயினும், ஆசிரியர்களைப் பற்றிய செய்திகள் அனைத்தும் மகிழ்ச்சி தருவன அல்ல. 1918 அக்டோபரில் திரான்சுகை நாட்டுப்புறத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகெங்கும் நச்சுக்காய்ச்சல் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. தாயார் அந்நோயினின்று உயிர் பிழைத்தார். குழந்தைக்கு நொன்ட்சிகெலெலோ எனப் பெயரிட்டனர். சொலோபே என்னும் ஊரிலிருந்த சமயப்பணியாளர் பள்ளியில் அவளைச் சேர்த்தபோது, கிறித்துவப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அவள்முன் வைத்தனர். சிறுமி அதிலிருந்து 'ஆல்பர்ட்டினா' என்பதைத் தெரிந்தெடுத்தாள். பதிவேட்டில் ஆல்பர்ட்டினா ஏறியது. வீட்டாரோ 'இன்ட்சிகி' என்றே அழைத்து வந்தனர்.

இஃது அவ்வொரு பள்ளியின் வழக்கமன்று. குனு ஊரில் ரோலிலாலா என்னும் சிறுவன் பள்ளிக்குச் சென்ற முதல் நாளிலேயே, இனி உன் பெயர் 'நெல்சன்' என்று ஆசிரியை அறிவித்துவிட்டார். அவ்வாசிரியையும் ஆப்பிரிக்கரே.

அப்பள்ளிகளை முற்றாகப் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. எழுத்தறிவு தந்தவை அவையே. சமயப்பணியாளர் அளித்த உதவித்தொகையால்தான் ஆல்பர்ட்டினா உயர்நிலைக் கல்வி பெற்று, பின்னர்த் தாதியானார். ஆனால், அக்கல்விக்கு அப்பெயர்மாற்றம் எவ்வகையிலும் தேவைப்படவில்லையே! பிள்ளையின் பெயர் ஆசிரியர் நாவுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பது எந்தப் பாடத்திட்டத்தில் உள்ளது?

கோசா மரபிலும் பெயர் மாறுவதுண்டு. மணமகளுக்குப் புகுந்த வீட்டார் புதுப்பெயர் சூட்டுவர். அதுவும் பெரும்பாலும் 'நோ'வில் தொடங்கும். அங்குப் புதுப்பெயரும் அதே மொழியினதே. பொருள் விளங்க உறவினர் கூடிச் சூட்டுவது. பள்ளிப் பட்டியலில் அவ்வுறவு இல்லை.

1944இல் வால்டர் சிசுலுவை மணந்த இவர், 1956 ஆகத்து 9ஆம் நாள் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் திரண்ட ஏறத்தாழ 20,000 பெண்களுள் ஒருவர். கணவர் 1964இல் வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றார். 1963இல் இவரும் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். 2011இல் தம் 92ஆம் அகவையில் மறைந்தார்.

1994 மே மாதம், மக்களாட்சித் தென்னாப்பிரிக்காவின் முதல் நாடாளுமன்றம் கூடியபோது, அதிபர் பதவிக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை முன்மொழிந்தவர் ஆல்பர்ட்டினா சிசுலு. இருவரும் பள்ளி தந்த பெயர்களைத் தாங்கியவர்கள்.