மிஸ் கேரளா: ஒரு கூட்டத்து மீனின் கதை

குன்னத்தூர், திருப்பூர் பக்கம் வீட்டில் கலர் மீன் வளர்ப்பவர்களுக்கு கோல்டு ஃபிஷ், கப்பி, டைகர் பார்ப் எல்லாம் அத்துப்படி. அதே பார்ப் இனத்தில் கொஞ்சம் பெரிய மீன் ஒன்று உண்டு. டார்பிடோ போல நீண்ட உடல். மூக்கிலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேலே, கண்ணைத் தொட்டுக்கொண்டு பாதி உடல் வரை ஓடும் ரத்தச் சிவப்புக் கோடு. வியாபாரிகள் இதற்கு வைத்த பெயர் மிஸ் கேரளா! சொந்த ஊரும் தூரமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அரபிக் கடலை நோக்கி ஓடும் ஆறுகள்தான்.

பெயர் என்னவோ கேரளா. ஆனால் இதன் அறிவியல் பெயரில் இருப்பவர் ஒரு மெட்ராஸ் கவர்னர் என்பது பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பற்றி நிறைய எழுதியவர். திருவிதாங்கூர் மலைப்பகுதியில் முண்டக்கயத்தில் கிடைத்த இந்த மீனை 1865-ல் அவர்தான் முதலில் விவரித்தார். 1861 முதல் 1866 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன் நினைவாக டெனிசோனி என்று பெயர் வைத்தார். மலையாளத்தில் இதற்குச் செங்கணியான் என்றும் பெயர்.

அதற்குப் பிறகு 130 வருடங்களுக்கு மேல் வெளியுலகம் இந்த மீனைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா வண்ணமீன் கண்காட்சியில் புதிய இனங்கள் பிரிவில் மூன்றாம் பரிசு கிடைத்தது. அவ்வளவுதான்... ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று எல்லா இடத்திலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் இந்த மீனின் குணமே அதற்கு எதிரியானது. மிஸ் கேரளா தனியாக வாழாது, கூட்டமாகத்தான் நீந்தும். தொட்டியில் ஒன்றிரண்டை மட்டும் விட்டால் மிரண்டு ஒதுங்கும், இல்லையென்றால் மற்ற மீன்களைத் தொந்தரவு செய்யும். ஆகவே வளர்ப்பவர் ஒவ்வொருவரும் குறைந்தது ஆறு மீன்களாவது வாங்க வேண்டும். ஆற்றிலும் அதே கதைதான். கூட்டமாக இருப்பதால் ஒரே வலையில் பல மீன்கள் மாட்டும். அன்று விற்ற மீன்களோ பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவையே. 2005-க்கும் 2012-க்கும் இடையில் மட்டும் இந்த மீனும் இதன் நெருங்கிய உறவான சாலக்குடி இனமும் சேர்ந்து 3 லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதியானதாக ஓர் ஆய்வு சொல்கிறது.

ஆபத்தைப் புரிந்துகொண்ட கேரள அரசு 2008-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் 2011-ல் சந்திரகிரி, வளபட்டணம், சாலியாறு ஆகிய ஆறுகளில் நடந்த ஆய்வு வேறு உண்மையைச் சொன்னது. இந்த மீன் இனப்பெருக்கம் செய்வது அக்டோபர் முதல் மார்ச் வரை! அதாவது, சினை மீன்கள் இருக்கும் பெரும்பாலான மாதங்களில் அன்று தடையே இருக்கவில்லை. மீனைப் பற்றி முழுதாகத் தெரியாமல் போட்ட சட்டம் மீனைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதற்குள் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்த்துவிட்டது. 2013-ல் விஞ்ஞானிகள் இந்த இரண்டு மீன்களுக்கும் தனிப் பேரினமே உருவாக்கினார்கள். பெயர் சஹ்யாத்ரியா, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கொச்சி அருகே பனங்காட்டில் உள்ள மீன்வளக் கல்லூரியில், ஹார்மோன் ஊசி போட்டு இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பிறகு வெளிநாட்டுப் பண்ணைகளிலும் இது பெருகியது. ஆற்றைத் தொடாமலே இந்த மீனை விற்க முடியும் என்பது இதனால் நிரூபணமானது.

இதை வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் யோசிக்க வேண்டியது இடத்தை. அரை அடி வரை வளரக்கூடிய மீன் இது. நாலு அடித் தொட்டிக்குக் குறைந்தால் நீந்த இடம் போதாது. மலை ஓடை மீன் என்பதால் குளிர்ந்த, ஓட்டமுள்ள, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகாமல் பார்ப்பது பெரிய வேலை. துள்ளிக் குதிக்கும் என்பதால் தொட்டிக்கு மூடியும் அவசியம்.

இதையெல்லாம் விட முக்கியமாகக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது பண்ணையில் பிறந்த மீனா, ஆற்றில் பிடித்த மீனா? பதில் தெரியவில்லை என்றால் வாங்காமல் திரும்பி வருவதே நல்லது. ஆற்றிலிருந்து ஆறு மீன்களை எடுத்தால், அங்கே ஒரு கூட்டம் ஆறு மீன்கள் குறைந்துபோகிறது!