ஜூரிகள் எழுந்துபோன பிறகு

பங்காருபாளையம் போலீஸ் பதிவு செய்யும் ஒரு கொலை வழக்கு இன்று சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனால், நீதிபதி ஒருவரே சாட்சியைக் கேட்கிறார், எந்தச் சாட்சியம் செல்லும் என்று முடிவு செய்கிறார், குற்றவாளியா இல்லையா என்றும் தீர்ப்பு எழுதுகிறார். சித்தூர் 1911-ல் தனி மாவட்டமாகிச் சென்னை மாகாணத்தில் இருந்த நாட்களில் இந்த வேலை ஒரே தலையில் விழவில்லை. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி செஷன்ஸ் விசாரணை ஜூரிகளோடு நடக்கும், அல்லது அசெசர்களோடு நடக்கும். எந்த மாவட்டத்தில் எந்தக் குற்றம் ஜூரிக்கு என்பதை அரசாங்கம் அறிவிக்கும். கொள்ளை ஜூரிக்கும் கொலை அசெசருக்கும் உரியதாக இருந்து, ஒரே எதிரி மீது இரண்டு குற்றச்சாட்டும் வந்தால், அதே ஆட்கள் ஒன்றுக்கு ஜூரியாகவும் மற்றதற்கு அசெசராகவும் உட்கார வேண்டும். முன்னதில் அவர்கள் சொல்வது தீர்ப்பு, பின்னதில் நீதிபதி தள்ளிவிடக்கூடிய வெறும் கருத்து. இப்படியொரு ஏற்பாட்டை யோசித்தவர்கள் ஜூரியை எவ்வளவு நம்பினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தச் சட்டத்தின் 298-ஆம் பிரிவு, எந்தச் சாட்சியத்தை அனுமதிக்கலாம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை நீதிபதியிடம் மட்டுமே விட்டது. யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் ஆகாத சாட்சியத்தை அவர் தடுக்கலாம். ஆனால் ஆகுமா ஆகாதா என்று வக்கீல்கள் வாதாடும்போதே அந்தச் சங்கதி ஜூரியின் காதில் விழுந்துவிட்டால், பிறகு தடுத்து என்ன பயன்? அதனால்தான் இங்கிலாந்தில் ஜூரிகளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அந்த வாதத்தைக் கேட்கும் வழக்கம் உண்டானது. ஒப்புதல் வாக்குமூலத்தை அடித்து வாங்கினார்களா என்று பார்க்க வழக்குக்குள்ளேயே ஒரு குட்டி விசாரணை நடக்கும். ஜூரியை இன்னும் கைவிடாத இலங்கையிலும் இது உண்டு. நம் நாட்டில் இதன் தேவை பாதி குறைந்தது, ஏனென்றால் 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் போலீசாரிடம் தரும் ஒப்புதலை மொத்தமாகவே விலக்கியது. மீதிப் பாதி 27-ஆம் பிரிவில் தங்கிவிட்டது. காவலில் இருப்பவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்பைச் சார்ந்த சொற்கள் மட்டும் உள்ளே வரலாம்.

அந்த 'மட்டும்' எவ்வளவு குறுகியது என்பதைக் குண்டூர் மாவட்டக் கொலை வழக்கான புலுகுரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் வரையறுத்தது. தீர்ப்பு 1946 டிசம்பரில் வந்தது. ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன், வந்தால் காட்டுகிறேன் என்பது செல்லும். அதைக் கொண்டு குத்தினேன் என்பது செல்லாது. ஒரே மூச்சில் வந்த பேச்சைப் பாதியில் வெட்ட வேண்டும். வெட்டுபவர் ஒருவர், வெட்டியதற்குப் பிறகு எஞ்சியதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்பவர் இன்னொருவர் என்று இருந்தால்தான் வெட்டியதற்கு அர்த்தம் இருக்கும்.

அசெசர்கள் 1955-ஆம் ஆண்டின் திருத்தத்தோடு போனார்கள். ஜூரிக்கு இடமில்லாத புதிய நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜூரியின் முடிவு பின்னால் நிலைக்காமல் போன லட்சுமிகாந்தன் கொலை வழக்கையும் நானாவதி வழக்கையும் அறிந்தவர்கள் இதற்காக அதிகம் வருந்தியிருக்க மாட்டார்கள், நானும் ஜூரி திரும்பி வர வேண்டும் என்று சொல்லவில்லை. என் குறை வேறு. ஜூரியை வெளியே அனுப்பியதன் காரணம் ஜூரியோடு போய்விடவில்லை. நீதிபதி படித்தவர், பழகியவர், செல்லாததை மனத்திலிருந்து ஒதுக்க அவருக்குத் தெரியும் என்பார்கள். பெரும்பாலும் தெரியும்தான். ஆனால் சட்டமே அதை முழுக்க நம்பவில்லை. எதிரி முன்பு தண்டனை பெற்றவர் என்ற குற்றச்சாட்டை, இந்த வழக்கில் குற்றவாளி என்று முடிவாகும்வரை கோர்ட்டில் படிக்கக் கூடாது என்ற விதி ஜூரி காலத்தில் 310-ஆம் பிரிவாக இருந்தது. ஜூரியை ஒழித்தவர்கள் அதையும் ஒழித்திருக்கலாமே? 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 236-ஆம் பிரிவாக அப்படியே தொடர்ந்தது. அந்தக் குற்றச்சாட்டை எழுதுபவரே நீதிபதிதான் என்பது வேறு விஷயம்.

சாட்சியம் செல்லுமா என்பதை முதலிலேயே முடிவு செய்வதற்கு இன்னொரு ஆட்சேபம் காலதாமதம். சாட்சியத்துக்குச் சாட்சியம் நிறுத்தி வாதாடினால் வழக்கு நகராது என்பதால், ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு ஆவணத்தைத் தற்காலிகமாக ஏற்று, கடைசித் தீர்ப்பில் முடிவு செய்யலாம் என்று 2001-ல் பிபின் சாந்திலால் பஞ்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேகம் கிடைத்தது. ஆனால் ஆகாத சாட்சியம் விசாரணை முழுவதும் வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடக்கவும் வழி பிறந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 ஏப்ரலில், குற்ற விசாரணைக் குறைபாடுகள் பற்றித் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் அதே நீதிமன்றம் அந்த வழிமுறை இனிக் கட்டுப்படுத்தாது என்றது. ஆட்சேபத்தை அப்போதே, முடியாவிட்டால் அந்தச் சாட்சியின் வாக்குமூலம் முடியும்போதாவது தீர்க்க வேண்டும். அந்த வழக்கின் பெயரில் முதலில் நிற்கும் மாநிலம், சித்தூர் இன்று இருக்கும் ஆந்திரப் பிரதேசம். அதில் ஏற்கப்பட்ட மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி போயின. 27-ஆம் பிரிவில் செல்லக்கூடிய பகுதியை மட்டும் தனித் தாளில் எடுத்தெழுதி, அந்தத் தாளுக்கு மட்டுமே எண் இட வேண்டும். ஜூரியை அறைக்கு வெளியே அனுப்பிய வேலையை இனி ஒரு தாள் செய்ய வேண்டும் என்பதே இதன் பொருள். விதிகளை ஆறு மாதத்துக்குள் தங்கள் நடைமுறையில் சேர்க்கும்படி உயர் நீதிமன்றங்களுக்குச் சொல்லப்பட்டது. மறு ஆண்டே, கர்நாடகத்திலிருந்து வந்த வெங்கடேஷ் வழக்கில், முழு வாக்குமூலத்தையும் சாட்சியமாகச் சேர்க்கும் போக்கைத் திரும்பத் திரும்பக் காண்பதாக உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் பழைய 25, 26, 27-ஆம் பிரிவுகளை 23-ஆம் பிரிவில் ஒன்றாக்கியதே தவிர, வெட்டும் வேலையைக் குறைக்கவில்லை.

ஆகவே எதிரித் தரப்பு வக்கீல்கள், கண்டெடுப்புக்குச் சாட்சியாக மத்தியஸ்தர்கள் கையெழுத்திட்ட மகஜரோடு முழு வாக்குமூலமும் நீட்டப்படும்போதே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். தனித் தாளைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.