இயற்பியலிலிருந்து பொறியியலுக்கு: குரோம்பேட்டை திறந்த வழி

சென்னை மாகாணத்தில் பொறியியல் கல்வி அரசுப் பணியின் தேவையிலிருந்து பிறந்தது. நில அளவையாளர்களைப் பயிற்றுவிக்க 1794இல் தொடங்கப்பட்ட பள்ளியே 1859இல் பொறியியல் கல்லூரியாக உயர்ந்து, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தேறியவர்களைப் பொதுப்பணித் துறை ஏற்றுக்கொண்டது. இயற்பியல் படித்தவர்களுக்கோ ஆசிரியப் பணியை விட்டால் அரசுத் தேர்வுகளே பெரும்பாலும் கதியாக இருந்தன. மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. தேறிய சி.வி. ராமன், அதே ஆண்டில் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்று, அலுவலகம் போக எஞ்சிய பொழுதில் ஆய்வு நடத்திவந்து, 1917இல் குறைந்த ஊதியத்துக்கு உடன்பட்டுப் பேராசிரியரானார் என்பது அந்நிலைக்குத் தக்க சான்றாகும்.

விடுதலைக்குப் பின் இவ்விரு படிப்புகளுக்கும் இடையே ஒரு பாலம் அமைந்தது. தொழிலதிபர் சி. ராஜம் 1949இல் சென்னையை அடுத்த குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.), பள்ளியிறுதிக்குப் பிந்தைய ஈராண்டுப் படிப்பான இண்டர்மீடியட்டை முடித்தவர்களைப் பிற பொறியியல் கல்லூரிகள் சேர்த்துவந்த காலத்தில், அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே மூன்றாண்டுப் படிப்பை வகுத்தது. வானூர்தி, மோட்டார் வாகனம், மின்னணுவியல் ஆகியவற்றோடு, வெப்பம், அழுத்தம் முதலியவற்றை அளந்து கட்டுப்படுத்தும் கருவிகளைப் பற்றிய கருவியியலும் அங்குக் கற்பிக்கப்பட்டது. இவை இயற்பியலை அடித்தளமாகக் கொண்ட துறைகளாதலால், பி.எஸ்சி. முடித்தவர்களைத் தேர்ந்தது மிகவும் பொருத்தமான முடிவு.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இருவர் இவ்வழியில் சென்றனர். ஒருவர், வானூர்தித் துறையைத் தேர்ந்த அப்துல் கலாம். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் சேர்க்கைச் செலவுக்கு அவருடைய தமக்கை ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். மற்றவர், மின்னணுவியல் கற்று, பிற்காலத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. தமக்குரிய துறை இயற்பியலன்று, பொறியியலே என்பதைத் தாமதமாக உணர்ந்ததாகக் கலாம் பின்னர் எழுதினார். ஆயினும் இறக்கையின் மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுவதும் இயற்பியலே ஆதலால், அவர் இயற்பியல் பயின்ற ஆண்டுகளை வீண் என்று கொள்வது பொருந்தாது.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்து, 1980களில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகியபின், இயற்பியலா பொறியியலா என்னும் முடிவு பதினேழு வயதிலேயே, பெரும்பாலும் வேலைவாய்ப்பை மட்டுமே கருதி எடுக்கப்படுவதாயிற்று. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில், இயற்பியல் பொறியியல் இடத்தைப் பெறுவதற்கான கருவியாகச் சுருங்கியது வருந்தத்தக்கது. பி.எஸ்சி. முடித்தவர்கள், மேல்நிலையில் கணிதம் படித்திருந்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி தமிழகத்தில் இன்றும் உண்டு; இயற்பியலை விரும்பும் மாணவர்களின் பெற்றோர் அதை அறிந்திருத்தல் வேண்டும்.