கேரவனுக்குள் வந்து சேர்ந்தவை

பிரிட்டனில் காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் கேரவன், கடைசிவரை ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது அபூர்வம். இருபது ஆண்டு ஓடிய வண்டி பெரும்பாலும் இரண்டு மூன்று பேரிடமாவது கைமாறியிருக்கும். அப்படி மாறுகிறபோது கையேடு தொலைந்துபோகும், முந்தைய சொந்தக்காரர் வாய்மொழியாகச் சொன்னது பாதி மறந்துபோகும். புதிதாக வாங்கியவர் முன் நிற்பது சக்கரம் வைத்த ஒரு சிறு வீடு. அதிலுள்ள அடுப்பு, ஃப்ரிட்ஜ், கணப்பு, தண்ணீர்ப் பம்பு, கழிப்பறை, மின் பலகை எதுவும் வீட்டில் இருப்பதுபோல இயங்குவதில்லை. இவை ஒரே காலத்தில் ஒருவரே திட்டமிட்டு வைத்தவையும் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொல்லைக்குத் தீர்வாக, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தவை. எது எப்போது வந்தது என்று தெரிந்தால், வண்டியின் வயதைக் கொண்டே உள்ளே என்ன இருக்கும், அதில் எங்கே பழுது வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவனாகப் பலரும் குறிப்பிடுவது 'வாண்டரர்'. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து, பின்னர் சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிய வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், 1885இல் பிரிஸ்டல் வேகன் தொழிற்சாலையில் இதைச் செய்வித்தார். மகோகனி, மேப்பிள் மரங்களால் ஆன இந்த வண்டியின் எடை ஏறக்குறைய 2 டன். இரண்டு குதிரைகள் இழுக்க, பெர்க்‌ஷயரின் டுவைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை அவர் போனார். குறுகிய சாலையில் எதிரே வருபவர்களை எச்சரிப்பதற்காக அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே சென்றார். சமைக்க எண்ணெய் அடுப்பு இருந்தது. தண்ணீருக்கும் கழிவுக்கும் வழியிலுள்ள சத்திரங்களையும் பண்ணைகளையும் நம்ப வேண்டியிருந்தது. அன்றைய கேரவன் பயணம் வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. 1907இல் ஜே. ஹாரிஸ் ஸ்டோன் முயற்சியில் கேரவன் கிளப் தொடங்கியபோதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. குதிரைகளின் இடத்துக்குக் கார் வந்த பிறகே மாறியது.

1919இல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனத்தை ரைலி என்ற தந்தையும் மகனும் ஏற்று நடத்தத் தொடங்கி, காரால் இழுக்கப்படும் கேரவன்களை விற்பனைக்காகவே செய்தனர். 1927இல் அதே நகரின் ஸ்டர்ச்லியில் கேரவன்களுக்கென்றே தனித் தொழிற்சாலை எழுந்தது. இந்தக் காலத்து வண்டிகளில் கூரையின் நடுப்பகுதி உயர்ந்து, இரு பக்கமும் சிறு கண்ணாடிச் சாளரங்களோடு இருக்கும். மரவேலைப்பாடும் ஈயப் பட்டை பதித்த கண்ணாடியும் காட்சிக்கு அழகுதான். ஆனால் அன்றாட வாழ்க்கையை மாற்றிய பொருள் வேறொன்று: 1924இல் எஃப்ரைம் லூயிஸ் ஜாக்சன் உருவாக்கிய 'எல்சான்' கழிப்பறை. மூடியுள்ள ஒரு வாளி, அதில் நாற்றத்தை அடக்கும் இரசாயனத் திரவம், அவ்வளவுதான். கேரவன் மைதானங்களில் கழிவு கொட்டும் இடத்தை இன்றும் எல்சான் பாயிண்ட் என்றே அழைக்கிறார்கள்.

அடுத்து வந்தது புட்டிக்குள் அடைத்த எரிவாயு. 1935இல் தொடங்கிய கேலர் கேஸ் நிறுவனம், குழாய் எரிவாயு எட்டாத கிராமப்புறங்களுக்கு சிலிண்டர் கொண்டுபோனது. கேரவன்காரர்களுக்கு இது பெரிய விடுதலை. ஒரே சிலிண்டரிலிருந்து அடுப்பு, கணப்பு, விளக்கு மூன்றும் எரிந்தன. பெட்ரோமாக்ஸில் கட்டுவது போன்ற மேண்டில் கட்டிய எரிவாயு விளக்குகள் 1970கள் வரை பல வண்டிகளில் இருந்தன. சாலைக் குலுக்கலில் மேண்டில் உதிர்ந்துவிடும் என்பதால் உபரி மேண்டில் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

பழைய வண்டியை வாங்கியவர் மிகக் கவனமாக அறிய வேண்டியது இந்த எரிவாயு அமைப்பையே. கேலர் சிலிண்டர்களில் நீலம் பியூட்டேன், சிவப்பு புரொப்பேன். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ய டிகிரி செல்சியஸில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே குளிர்காலத்தில் வெளியே போகிறவர்கள் சிவப்பையே நம்புகிறார்கள். முன்பு பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்று தனித்தனி அழுத்தம், தனித்தனி ரெகுலேட்டர். ரெகுலேட்டர் சிலிண்டரின் தலையிலேயே மாட்டப்பட்டிருக்கும். 2003ஐ ஒட்டி, சிலிண்டர் பெட்டியின் சுவரில் நிலையாகப் பொருத்திய 30 மில்லிபார் ரெகுலேட்டர் இரண்டுக்கும் பொதுவாக வந்தது. பழைய அடுப்புக்குப் புதிய ரெகுலேட்டரையோ புதிய அடுப்புக்குப் பழையதையோ தோன்றியபடி மாற்றிவைக்கக் கூடாது. ரப்பர் ட்யூபின் மேலேயே அதன் தயாரிப்பு ஆண்டு அச்சிட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று, பலர் அறியாமல் உயிரோடு விளையாடுகிற விஷயம். இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் பெட்டியின் அடியிலும் அடுப்பின் கீழும் தரையில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது, எலி வருகிறது என்று முந்தைய சொந்தக்காரர் அதைத் துணியாலோ பலகையாலோ அடைத்திருக்கக்கூடும். அடைத்திருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்ததால், பல கேரவன்கள் நிரந்தரக் குடியிருப்பாகவே ஆயின. அந்த நிலையில் விடுமுறைக்கான மலிவு வண்டியைக் கொண்டுவந்தவர் சாம் ஆல்பர். அவருடைய 'ஸ்பிரைட்' கேரவன்கள் நியூமார்க்கெட்டில் பெருந்தொகையாக உற்பத்தியாயின. எடையும் விலையும் குறைவு, தளவாடங்களும் குறைவு. சாதாரணச் சம்பளக்காரர் தம் சிறிய காரால் இழுக்கக்கூடிய வண்டி அது. பழைய கேரவன் என்றொரு சந்தை பெரிய அளவில் உருவானதற்கு ஸ்பிரைட்டுகளே முக்கியக் காரணம் எனலாம். ஆயிரக்கணக்கில் புதிதாக விற்றால்தானே ஆயிரக்கணக்கில் கைமாறும்?

ஐரோப்பியக் கண்டத்திலும் காரால் இழுக்கும் குடும்ப கேரவன்கள் உருவாயின. 1931இல் ஜெர்மனியின் இஸ்னி நகரில் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் தம் குடும்பத்துக்காக ஒரு 'வோன்ஆட்டோ' (குடியிருப்புக் கார்) செய்தார். 1950களின் பிற்பகுதியில் எரிக் பாகெமும் எர்வின் ஹைமரும் 'எரிபா' என்ற சிறிய கேரவன்களைக் கொண்டுவந்தனர்.

கேரவனுக்குள் இருக்கும் கருவிகளில் மிக நுட்பமானது ஃப்ரிட்ஜ். 1922இல் ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களான பால்ட்ஸர் வான் பிளாட்டனும் கார்ல் முன்டெர்ஸும் கண்டுபிடித்து, 1925இல் எலக்ட்ரோலக்ஸ் வாங்கிய அமைப்பு இது. வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் கம்ப்ரஸர் இதில் இல்லை. அசையும் பாகம் எதுவுமே இல்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் எஃகுக் குழாய்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. சிறு சுடரோ மின் கம்பியோ கீழே சூடேற்றினால் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து ஆவியாக மேலே ஏறும். மேலே வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்து திரவமாகும். பின்பு ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி, அங்கே மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீரில் கரைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நெருப்பு வைத்துக் குளிர்ச்சி உண்டாக்கும் இந்த வித்தைக்கு எரிவாயு, 230 வோல்ட் மின்சாரம், காரிலிருந்து வரும் 12 வோல்ட் மூன்றில் எதுவும் போதும்.

இதிலிருந்தே அதன் பக்குவங்களும் புரியும். திரவம் தானாகக் கீழ்நோக்கி ஓட வேண்டியிருப்பதால் வண்டி சமமட்டத்தில் நிற்க வேண்டும். வெளிச்சுவரிலுள்ள காற்றுச் சல்லடைகளை மறைத்தால் குளிராது. 12 வோல்ட்டில் ஓடுவது கார் எஞ்சின் இயங்கும்போது மட்டும். நிறுத்தியபின் பேட்டரியில் விட்டால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி. பல ஆண்டு சும்மா கிடந்த வண்டியில் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால், அனுபவசாலிகள் அதைக் கழற்றி ஒரு நாள் தலைகீழாக நிறுத்தி, பிறகு நிமிர்த்தி ஓட்டிப் பார்ப்பதுண்டு. சில நேரம் உயிர் பெற்றுவிடும். பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி படிந்து அம்மோனியா நெடி அடித்தால் அந்த முயற்சியும் வேண்டாம்; குழாய் ஓட்டையாகிவிட்டது.

தண்ணீரின் கதை எளிது. முதலில் குடமும் வாளியும். பிறகு காலால் மிதிக்கும் பம்பு. வடக்கு அயர்லாந்தின் 'வேல்' பம்புகள் இதில் பேர்பெற்றவை. அதன்பின் 12 வோல்ட் மின்பம்பு. உருட்டிச் செல்லும் 40 லிட்டர் 'அக்வாரோல்' பீப்பாய் வந்ததும் தண்ணீர் சுமக்கும் வேலை குழந்தைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. கழிப்பறையில் எல்சான் வாளியின் இடத்தை, 1968இல் அமெரிக்காவின் தெட்ஃபோர்ட் கொண்டுவந்த 'போர்ட்டா பாட்டி' பிடித்தது. 1980களில் வெளிக்கதவு வழியே உருவி எடுக்கும் கேசட் கழிப்பறை வந்தது. கேசட்டின் வாயில் தகடு நகரும் இடத்தில் ஒரு ரப்பர் விளிம்பு உண்டு. அது காய்ந்தால் கசியும். வாசலின் தடவினால் ரப்பர் கெடும் என்பதால் அதற்கென உள்ள மசகைத் தடவ வேண்டும்.

கணப்பிலும் வெந்நீர்க் கொதிகலனிலும் இரண்டு பெயர்களைப் பழைய வண்டிகளில் காணலாம். ஒன்று, 1949இல் தொடங்கிய ஜெர்மானிய ட்ரூமா. மற்றது பிரிட்டனின் கார்வர். 1990களின் இறுதியில் கார்வரின் கேரவன் தொழில் ட்ரூமாவிடம் போனது. அதனால் கார்வர் கருவி உள்ள வண்டி என்றால் உதிரி பாகம் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொதிகலன் வெடித்திருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும். குளிர்காலத்துக்கு முன் நீரை வடிக்காமல் விட்டிருந்தால், உறைந்த நீர் அதைப் பிளந்திருக்கும்.

மின்சாரம் தாமதமாகவே வந்தது. விளக்குகளுக்கு 12 வோல்ட் பேட்டரி, பிறகு மைதானத்தின் 230 வோல்ட் இணைப்பு. நீல நிற 16 ஆம்பியர் பிளக்கும் ஆரஞ்சு நிறக் கேபிளும் இன்று எந்த மைதானத்திலும் காணும் பொருள்கள். 25 மீட்டர் கேபிளைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் சூடேறி உருகும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும். காரோடு இணைக்க முன்பு இரண்டு ஏழுமுனை பிளக்குகள் இருந்தன: கறுப்பு சாலை விளக்குகளுக்கு, சாம்பல் உட்புறத்துக்கு. 2008இல் இரண்டும் சேர்ந்து ஒரே பதின்மூன்று முனை பிளக் ஆயின. காரும் வண்டியும் வெவ்வேறு காலத்தவை என்றால் இடையில் ஒரு அடாப்டர் வேண்டும்.

வண்டியின் அடியில் இருப்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. உயிருக்கு முக்கியம் அதுதான். கார் பிரேக் பிடித்ததும் கேரவன் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் கொக்கித் தண்டு உள்ளே சறுக்கி, கம்பியை இழுத்து, வண்டியின் பிரேக்கைப் பிடிக்கும். இதே காரணத்தால் பின்னோக்கி எடுக்கும்போதும் பிரேக் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் ஒருவர் இறங்கி நெம்புகோலைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. 1989 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் தானாக விடுபடும் பிரேக் கட்டாயமாயிற்று. நான்கு மூலைகளிலும் இறக்கும் கால்கள் வண்டியை ஆடாமல் நிறுத்தத்தான், தூக்க அல்ல. அவற்றால் தூக்கினால் அடிச்சட்டம் வளையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். கேரவன் டயர் தேய்ந்து கெடுவதில்லை, நின்ற இடத்திலேயே வயதாகிக் கெடுகிறது. பட்டன் அழகாக இருந்தாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் மாற்றுவது வழக்கம்.

இவ்வளவும் நன்றாக இருந்தும் ஒரு வண்டியைக் கொல்வது ஓதம். பல பத்தாண்டுகளாக மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியே கேரவன்கள் செய்யப்பட்டன. தகடுகளின் மூட்டில் பூசிய பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கி மரத்தை உளுக்க வைக்கும். மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழும் விரலால் அழுத்திப் பார்த்தால் சுவர் மெத்தென்று அமுங்கும். ஓதமானியில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை; 20ஐத் தாண்டினால் எங்கிருந்து நீர் வருகிறது என்று தேட வேண்டும். பளபளக்கும் சமையல் மேடையைவிட உலர்ந்த மூலைகள் மதிப்புள்ளவை.

1992இல் பிரிட்டனின் தேசிய கேரவன் கவுன்சில், 'கிரிஸ்' என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதன்படி 17 இலக்க எண் அடிச்சட்டத்தில் இருக்கும். ஜன்னல் கண்ணாடிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டி எந்த ஆண்டில் செய்தது, திருட்டு வண்டியா, கடன் பாக்கி உள்ளதா என்பதை அந்த எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். ஆண்டு உறுதியானால், எந்த ரெகுலேட்டர், எந்த பிளக், எந்தக் கணப்பு இருக்க வேண்டும் என்பதும் உறுதியாகும். கண்ணாடியில் அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டியை வாங்கக் கூடாது.