பாட்டு ஒரு கல்லில், பெயர் வேறு கல்லில்

ஓர் அடிக்குறிப்பில் நான் செய்த பிழையிலிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது. சோழர் காலக் கோயில் இசை பற்றிய கட்டுரை அது. "ராஜராஜன் கல்வெட்டிலேயே தேவாரம் என்ற சொல் வருகிறது, ஆகவே மூவர் பாடல்களுக்கு அந்தப் பெயர் அப்போதே வழங்கியிருக்கிறது" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தக் கல்வெட்டுல, எந்த வரியில?" பதில் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. சொல் வருகிறது என்பது நினைவில் இருந்தது. என்ன பொருளில் வருகிறது என்று நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டேன். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் 1891இல் வெளியிடத் தொடங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களை அந்தத் தொகுதியில் பக்கம் பக்கமாகப் படித்துவிடலாம்.

பாட்டு என்றால் முதலில் பார்க்க வேண்டியது 65ஆம் எண். கோயிலில் பாட ராஜராஜன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது 1014 வரை, அமர்த்தியவர்களின் பட்டியல் அது. பாட 48 பிடாரர்கள். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குருணி நெல். அளப்பதற்குக் கூத்தப்பெருமான் பெயரையே சூட்டிய ஆடவல்லான் என்னும் மரக்கால். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கலம் ஆறு குருணி. பாட்டுக்காக மட்டும் தினமும் அத்தனை நெல்!

பட்டியலில் பலருக்கு இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயர் சிவன் என்று முடிகிறது. தீட்சையில் பெற்றதாக இருக்க வேண்டும். ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அவருக்குப் பாடத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும். பரம்பரை உரிமையையும் குரலையும் ஒரே வரியில் எடைபோட்ட அந்த எழுத்தரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சரி, வந்த வேலைக்கு வருவோம். இவர்கள் பாடியதற்குக் கல் தரும் பெயர் திருப்பதியம். பாடுவதற்குத் தரும் வினை, விண்ணப்பஞ்செய்தல். தேவாரம் என்ற சொல்லைத் தேடி மேலும் கீழுமாக மூன்று முறை படித்தேன். இல்லை.

பின்னே நான் பார்த்தது எதை? 38ஆம் எண்ணில் அகப்பட்டது. கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான் எடுப்பித்த செப்புத் திருமேனிகளின் கணக்கு இது. இதுவும் அதே 29ஆம் ஆண்டை ஒட்டியதுதான். நம்பியாரூரர் என்ற சுந்தரர், திருநாவுக்கரையர் என்ற அப்பர், திருஞானசம்பந்தர் மூவரும் சிலைகளாக இதில் நிற்கிறார்கள். பெரியபெருமாள் என்று குறிக்கப்படும் ராஜராஜனுக்கும் அரசி ஒலோகமாதேவியாருக்கும்கூடத் திருமேனிகள் உண்டு. அந்தப் பெரியபெருமாளுக்குத் "தேவாரத் தேவர்" சந்திரசேகரர். மன்னன் தனக்கென்று வைத்துப் பூசித்த சாமி என்று பொருள். பாட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் இங்கே ஒரு தொடர்பும் இல்லை.

ஒரே கோயில், ஒரே காலம். பாட்டைச் சொல்லும் கல்லில் தேவாரம் இல்லை. தேவாரம் இருக்கும் கல்லில் மூவரே நின்றும் பாட்டைப் பற்றிப் பேச்சில்லை. என் அடிக்குறிப்பு அங்கேயே விழுந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், தேவாரம் என்பதற்கு வழிபாடு என்றும் வீட்டில் வைத்து வணங்கும் தெய்வம் என்றும் பொருள்கள் உண்டு. பாடல் தொகுதி என்பது அவற்றோடு சேர்ந்த இன்னொரு பொருள்தான். அகராதி செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

திருப்பதியம் என்ற பெயரோ தஞ்சைக்கும் முந்தியது. ஒன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் வந்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கையாள்வதும் பதிகம், திருப்பதிகம்தான். சைவ மரபு இன்னொரு துப்பையும் வைத்திருக்கிறது. சம்பந்தர் பாடியது திருக்கடைக்காப்பு, அப்பர் பாடியது தேவாரம், சுந்தரர் பாடியது திருப்பாட்டு என்பார்கள் ஓதுவார்கள். அந்தக் கணக்குப்படி தேவாரம் மூவரில் ஒருவருடைய பங்குதான். ஏழு திருமுறைக்கும் போர்த்திய பெயரன்று.

அப்படியானால் பூசை எப்போது பாட்டானது? ஆய்வாளர்கள் கைகாட்டும் இடம் இரட்டைப்புலவர்களின் ஏகாம்பரநாதர் உலா. தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. மூவரின் பாடலைச் சொல்லும் இடத்தில் தேவாரம் என்ற சொல் அங்கே வருகிறது. ஆனால் வரும் விதத்தைப் பாருங்கள்: பக்கத்திலேயே திருப்பாட்டு என்ற சொல்லும் நிற்கிறது, நடுவே "செய்" என்ற வினை. தேவாரமாகச் செய்த பாட்டு என்றும் கொள்ளலாம். வழிபாடு செய்த பாட்டு என்றும் கொள்ளலாம். பழைய பொருள் இன்னும் போகவில்லை, புதியது வாசலில் வந்து நிற்கிறது என்பது என் வாசிப்பு.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பவர்கள் வேறு பாதையில் போவார்கள். தே, ஆரம் எனப் பிரித்தால் தெய்வத்துக்குச் சூட்டிய மாலை. தே, வாரம் எனப் பிரித்தால் இசை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வாரம் பாடுவது வருகிறதே என்பார்கள். தெய்வத்தின் வீடு என்று பொருள்படும் தேவக்ருஹம் என்ற வடசொல்லின் திரிபு என்போரும் உண்டு. மாலை அழகான விளக்கம்தான். அழகாக இருப்பதாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம். கல்வெட்டில் உள்ள தனிப்பூசைப் பொருளுக்கு அருகில் வருவது கடைசி விளக்கம் ஒன்றே.

பெயரைத் தேடப் போனவனுக்கு மனத்தில் ஒட்டிக்கொண்டது வினைதான். வைணவர்கள் பாசுரத்தைச் சேவிப்பார்கள். திருவரங்கத்து அரையர்களுக்கோ விண்ணப்பம் செய்வார் என்றே பெயர். சைவர்கள் தேவாரம் ஓதுவார்கள். விண்ணப்பஞ்செய்தல் சைவத்தில் வழக்கொழிந்துவிட்டது என்று திருத்திய கட்டுரையில் எழுதி வைத்திருந்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் வீட்டுக்கு ஒரு குடமுழுக்கு அழைப்பிதழ் வந்தது. யாகசாலை பூசை, பூர்ணாஹுதி, தீபாராதனை என்று நிகழ்ச்சி நிரல் மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் இறங்கிக்கொண்டே போனது. மாலை 6 மணிக்கு நேரே: திருமுறை விண்ணப்பம்.

அந்த வாக்கியத்தையும் அடித்தேன்.